மூன்று வரி உயரத்தில் ஒரு கொம்பு

என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. 84 பக்கம், டெம்மி அளவு, மஞ்சள் அட்டை. போன வாரம் தூசி தட்டும்போது அதைப் பிரித்தேன். முதல் அத்தியாயத்தின் முதல் பத்தி மேல் ஒட்டியிருந்த காகிதத் துண்டின் மூலை தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தேன். அடியில் அது அப்படியே இருக்கிறது. மூன்று வரி உயரத்துக்கு ஓர் ஒற்றைக்கொம்பு. கொம்பு மட்டும்தான். பக்கத்தில் சாதாரண அளவில் ‘கால்லையில்’ என்று ஒரு சொல்.

‘கொல்லையில்’ என்று இருந்திருக்க வேண்டியது. அந்தக் கொம்பு அங்கே தனியாக நிற்பதற்குக் காரணம் நான்தான்.

2001-ஆம் வருடம். புத்தகத்தை எழுதியவர் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வந்த குடும்பத்துப் பெரியவர். எனக்குப் பத்து வயது மூத்தவர். நான் அவரை ஐயா என்பேன், அவர் என்னை சார் என்பார். இன்றைக்கு இல்லாத தன் கிராமத்தைப் பற்றி நான்கு நோட்டுப் புத்தகம் எழுதி வைத்திருந்தார். கொல்லை என்றால் என்ன என்று நம் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுப் பின்புறம் அல்ல, மணிலாவும் முந்திரியும் விளையும் புன்செய். அவருடைய முதல் வாக்கியமே கொல்லையில் தொடங்கும். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் கொஞ்சம் எடுத்து 300 பிரதி அச்சடிக்க முடிவு செய்தார். மெய்ப்புப் பார்க்கும் வேலை எனக்கு. அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு எழுதியவனுக்கு ஒற்றுப்பிழை கண்ணில் படும் என்று அவருக்கு நம்பிக்கை.

மந்தாரக்குப்பம் பக்கம் ஒரு டி.டி.பி. கடை. மெய்ப்பு மூன்று முறை பார்த்து முடித்தாகிவிட்டது. கடைசி நாள் மாலை எனக்கு ஓர் ஆசை வந்தது. “தம்பி, ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் எழுத்தை மட்டும் மூணு வரி உயரத்துக்குப் பெருசாப் போட முடியுமா?” என்று கேட்டேன். “டிராப் கேப் தானே சார், ஒரு நிமிஷ வேலை” என்றான். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் போட்டான். அப்படியே அச்சுக்குப் போனது.

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாசகப் புத்தகத்தில் ஒவ்வொரு கதையும் ஒரு பெரிய அலங்கார எழுத்தோடு தொடங்கும். ‘ஒரு ஊரிலே’ என்று நாம் தொடங்குவதை அவர்கள் ‘இல் எத்தே’ என்று தொடங்குவார்கள். அதில் முதல் எழுத்து ஒரு தூண் மாதிரி நிற்கும். தூணில் கொடி படர்ந்திருக்கும், கொடியில் ஒரு குருவி. கதை என்னவென்று தெரிவதற்கு முன்பே அந்தக் குருவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு லெத்ரீன் என்று பெயர் என்று எங்கள் முசியே சொல்லிக்கொடுத்தார். நாற்பது வருடம் கழித்து, ஐயாவின் கொல்லைக்கு ஒரு லெத்ரீன் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவர் கேட்கவில்லை.

ஐரோப்பாவில் இந்தப் பழக்கம் அச்சுக்கும் முந்தியது. கையால் எழுதிய தோல் ஏடுகளில் எழுதுபவர் ஒருவர், பெரிய எழுத்தை வரைபவர் வேறொருவர். எழுதுபவர் இடம் விட்டுவிட்டுப் போவார். வண்ணம் தீட்டுபவர் பிறகு வந்து சிவப்பிலும் நீலத்திலும் நிரப்புவார். எந்த எழுத்தை வரைவது என்று அவருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக அந்தக் காலி இடத்தில் ஒரு பொடி எழுத்தைக் குறித்து வைப்பார்கள். பிரெஞ்சில் அதற்கு ‘லெத்ர் தத்தாந்த்’ என்று பெயர், காத்திருக்கும் எழுத்து என்று சொல்லலாம். வரைய வேண்டியவர் வராமலே போய், அந்தப் பொடி எழுத்து மட்டும் காலி இடத்தின் நடுவே இன்றைக்கும் காத்துக்கொண்டிருக்கும் பழைய புத்தகங்கள் உண்டு.

கூட்டன்பர்க் 1455 வாக்கில் பைபிளை அச்சிட்டபோதும் பெரிய எழுத்துகளைக் கையால்தான் போட வேண்டியிருந்தது. 1457-இல் மைன்ஸ் நகரில் ஃபூஸ்ட், ஷோஃபர் இருவரும் அச்சிட்ட சங்கீதப் புத்தகத்தில்தான் அலங்கார எழுத்துகளை இரண்டு வண்ணத்தில் அச்சிலேயே கொண்டுவந்தார்கள். பிறகு வெனிஸில் எர்ஹார்ட் ராட்டோல்ட் மரக்கட்டையில் செதுக்கிய கொடி எழுத்துகளைப் போட்டார். பாரிஸில் ஜெஃப்ரூவா தோரி என்பவர் எழுத்தின் வடிவத்தைப் பற்றியே 1529-இல் ஒரு நூல் எழுதினார். அவர் வரைந்த முதலெழுத்துகளின் பின்னணி முழுக்க ஊசி குத்தினாற்போலப் புள்ளி புள்ளியாக இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. எல்லா அச்சகத்துக்கும் எழுத்துக்கு ஒரு கட்டை வாங்க வசதி இருக்காது. அதனால் நடுவில் ஓட்டை விட்ட ஓர் அலங்காரச் சதுரத்தைச் செய்து வைத்துக்கொண்டார்கள். சுற்றிலும் பூவும் கொடியும், நடுவே காலி. எந்த எழுத்து வேண்டுமோ அந்த ஈய அச்சை ஓட்டையில் செருகிக்கொள்ளலாம். பிரெஞ்சில் பாஸ்பார்த்து என்பார்கள், எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி என்று அர்த்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நம் பக்கத்துக் கதை வேறு. ஓலைச்சுவடியில் முதல் எழுத்தைப் பெரிதாக்க இடமே கிடையாது. ஓலையின் அகலம் இரண்டு விரல். அதற்குள் ஐந்தாறு வரி. எழுத்தாணியால் கீறி, பிறகு மை தடவி எடுப்பது. அதில் வண்ணமும் இல்லை, தடிமனும் இல்லை. ஓலை கிழியும் என்று புள்ளியே வைக்காமல் எழுதியவர்கள் நம் முன்னோர்கள். அவர்கள் செய்ததெல்லாம் தொடக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி. கணக்குப் பிள்ளையானாலும் புலவரானாலும் ‘உ’ போட்டுவிட்டுத்தான் அடுத்த எழுத்து. ‘இங்கே தொடங்குகிறது’ என்று கண்ணுக்குச் சொல்வதுதான் லெத்ரீனின் வேலை என்றால், அந்த வேலையை நமக்கு அந்த ஒரு சுழியே செய்துவிட்டது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற இரட்டை வரிசையும் கிடையாது. ரோமர்கள் கல்லில் வெட்டிய எழுத்துதான் அவர்களுடைய பெரிய எழுத்து. நம்மிடம் கல்லிலும் ஓலையிலும் ஒரே அகர வரிசைதான்.

தமிழ் அச்சேறியது 1578-இல். கொல்லத்தில் அண்டிரிக் பாதிரியார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, மொத்தமே 16 பக்கம். பிறகு நீண்ட இடைவெளி. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகளை வார்த்து 1713-இல் அனுப்பினார்கள். அந்த எழுத்துகள் அளவுக்கு மிஞ்சிப் பெரியவை. புதிய ஏற்பாட்டை அதில் அடிக்கத் தொடங்கியபோது காகிதம் கட்டுப்படியாகவில்லை. ஆகவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடியை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். முழுப் புதிய ஏற்பாடு 1715-இல் முடிந்தது. பக்கத்திலேயே பொறையாறில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். எழுத்தை எப்படிச் சுருக்குவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் யார் மூன்று வரியை ஒரு எழுத்துக்குக் கொடுப்பார்கள்?

எங்கள் புதுச்சேரிக்கு இதில் ஒரு பங்கு உண்டு. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கவர்னர் மாளிகையில் இருந்த அச்சு இயந்திரத்தையும் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதை ஓட்டத் தெரிந்தவர் வேப்பேரியில் இருந்த ஃபெப்ரீசியுஸ் பாதிரியார்தான். கம்பெனியின் அச்சு வேலையையும் செய்து கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவரிடம் போனது. பறிகொடுத்த இயந்திரம் அங்கே தமிழுக்கு உழைத்தது. புதுச்சேரியில் பிறகு மிஷன் அச்சகம் வந்து, 1855-இல் மூசே, துய்புய் பாதிரியார்களின் தமிழ்–பிரெஞ்சு அகராதியின் முதல் பாகம் வெளியானது. பள்ளி நாட்களில் அதைப் புரட்டாமல் எங்களுக்கு ஒரு கட்டுரையும் முடிந்ததில்லை.

இப்போது என் கணக்கைச் சொல்கிறேன். குமாஸ்தா புத்தி, எதையும் எண்ணிப் பார்க்கும். பிரெஞ்சு அச்சகத்துக்காரர் ஒரு செட் அலங்கார எழுத்து வாங்கினால் 26 கட்டை. தமிழுக்கு எத்தனை வேண்டும்? 247 வேண்டாம். சொல்லுக்கு முதலில் எல்லா எழுத்தும் வராது. நன்னூல் கணக்குப்படி உயிர் 12. க, ச, த, ந, ப, ம ஆறும் பன்னிரண்டு உயிரோடும் வரும், அது 72. வகரம் 8, யகரம் 6, ஞகரம் 4, ஙகரம் 1. கூட்டினால் 103. ட, ண, ல, ழ, ள, ற, ன எல்லாம் இலக்கணப்படி வாசலுக்கு வெளியே. புள்ளி வைத்த மெய்யும் முதலில் வராது. பவணந்தி முனிவர் அச்சகத்துக்காரருக்கு 144 கட்டையை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். இருந்தாலும் 26-க்கு எதிரே 103. பிரெஞ்சுப் புத்தகங்களில் சாதாரணமாகப் பார்த்த கொடி எழுத்துகளை என் காலத்துத் தமிழ்ப் புத்தகங்களில் நான் அவ்வளவாகப் பார்க்காததற்கு இந்தக் கணக்கே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். தீபாவளி மலர்களில் ஓவியர் தூரிகையால் எழுதி, பிளாக் எடுத்துப் போட்ட தலைப்புகள் அழகுதான். ஆனால் அது அந்தந்தக் கதைக்கு மட்டும் வரைந்தது. கேஸில் கிடக்கும் எழுத்தல்ல.

கேஸ் என்றதும் ஒன்று. ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டர் ‘கொ’ என்ற எழுத்தை எடுக்கவே மாட்டார். கொம்பை ஓர் அறையிலிருந்து எடுப்பார், ககரத்தை ஓர் அறையிலிருந்து, துணைக்காலை மூன்றாவது அறையிலிருந்து. மூன்றையும் ஸ்டிக்கில் வரிசையாக வைப்பார். நமக்கு ஓர் எழுத்து, அவருக்கு மூன்று உலோகத் துண்டு. அப்படியிருந்தும் பெரிய சைஸ் எழுத்தை முதலில் வைக்கச் சொன்னால் அவர் மூன்று துண்டையும் பெரிய சைஸிலேயே எடுப்பார். கொம்பை மட்டும் பெரிதாக வைத்துவிட்டுப் போகிற கம்பாசிட்டர் எந்த ஊரிலும் இருந்திருக்க மாட்டார். அவர் அடுக்குவது துண்டு என்றாலும் வாசிப்பது எழுத்து.

தமிழ்த் தட்டச்சு இயந்திரத்திலும் இதே வரிசைதான். நான் லோயர் பாஸ் செய்தவன். கொம்பு, பிறகு க, பிறகு கால். விரல் அப்படியே பழகிவிட்டது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது எங்கள் அலுவலகத்தில் பெரிய பேச்சாக இருந்தது. பெரியார் 1935-இலேயே ‘குடி அரசு’ இதழில் கையாண்டதை அரசு ஏற்றுக்கொண்டது. யானைத் தும்பிக்கை போட்ட லை, ளை, ணை, னை எல்லாம் போய் அவற்றுக்கும் இணைக்கொம்பு வந்தது. சுழித்து எழுதிய ணா, றா, னாவுக்கும் சாதாரணக் கால் வந்தது. கேஸில் அறைகள் குறைந்தன. நல்லதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதற்கு முன் தும்பிக்கையோடு சேர்ந்து ஒரே உருவாக இருந்தவையும் இப்போது தனித்தனித் துண்டாகிவிட்டன. பின்னால் கணினி வந்தபோது பிரிப்பதற்கு அது வசதியாகப் போயிற்று.

1985-இல் ஆல்டஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பேஜ்மேக்கரைக் கொண்டுவந்தது. ஆல்டஸ் என்பது ஐந்நூறு வருடத்துக்கு முன் வெனிஸில் இருந்த ஆல்டுஸ் மனூட்டியுஸ் என்ற அச்சகத்தாரின் பெயர். கையடக்கப் பதிப்புகளுக்கும் சாய்வெழுத்துக்கும் பேர்போனவர். நம் ஊர்களுக்கு அந்த மென்பொருள் வந்து சேர்ந்தது தொண்ணூறுகளில். வீட்டு முன்னறையில் ஒரு கணினி, ஒரு லேசர் பிரின்டர், வாசலில் ‘டி.டி.பி. செய்து தரப்படும்’ என்று பலகை. ஈயக் கேஸ்கள் எடைக்குப் போயின.

அந்தக் கணினிகளில் தமிழ் எழுத்துரு என்பது உண்மையில் ஒரு வேஷம். கணினி தமிழைத் தமிழ் என்று அறியாது. ஆங்கில எழுத்து உட்கார வேண்டிய இடங்களில் நம் துண்டுகளை உட்கார வைத்திருந்தார்கள். ஓர் இடத்தில் கொம்பு, ஓர் இடத்தில் ககரம், ஓர் இடத்தில் கால். மொத்த இடமே 256. அதில் 247 எழுத்தும் கிரந்தமும் எண்ணும் குறியும் கொள்ளாது. ஆகவே தட்டச்சு இயந்திரத்தின் வழியே நல்ல வழி என்று துண்டு துண்டாக வைத்தார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்தது. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூட்டி, டாம், டாப் என்று பொதுக் குறியீடுகளைக் கொண்டுவந்தது இதற்கு ஒரு முடிவு கட்டத்தான்.

பேஜ்மேக்கரின் டிராப் கேப் வசதிக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். பத்தியின் முதல் குறியை எடு, பெரிதாக்கு, கீழே இறக்கு. பக்கத்து வரிகளில் டேப் போட்டுத் தள்ளி, வரியையும் அங்கங்கே ஒடித்து வைக்கும். அதற்கு ‘கொ’ என்பது மூன்று குறி. முதல் குறி கொம்பு. கொம்பைப் பெரிதாக்கிவிட்டு மீதியை விட்டுவிட்டது. ஐயாவின் புத்தகத்தில் ஆறு அத்தியாயம். அகரம், பகரம் என்று தொடங்கிய நான்கு தப்பித்தன. ஐந்தாவது அத்தியாயம் ‘பையன்கள்’ என்று தொடங்கியது. அங்கே இணைக்கொம்பு மூன்று வரி உயரத்துக்கு நிற்க, பக்கத்தில் ‘பயன்கள்’ என்று இருந்தது. அதைக்கூட யாரும் கவனிக்காமல் படித்துவிடலாம். முதல் பக்கத்தை எப்படிக் கவனிக்காமல் இருப்பது?

அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. கணினி சொன்னபடி செய்தான். கம்பாசிட்டர் கையால் எடுக்கும்போது இயல்பாக நடந்த ஒன்று, இயந்திரத்திடம் சொல்லும்போது சொல்லாமல் விட்டால் நடக்காது. தொல்காப்பியர் காலத்திலிருந்து உயிர்மெய்யை நாம் ஓர் எழுத்தாக எண்ணுகிறோம். அந்த எண்ணிக்கையை இயந்திரத்துக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது யூனிகோடு வந்துவிட்டது. அதில் வரிசை மாறியது. ககரம் முதலில், உயிர்க்குறி அடுத்து. ஒலிக்கிற வரிசை. ஆகவே விவரம் அறியாத மென்பொருளில் பிழையும் மாறியது. ககரம் மட்டும் பெரிதாகி, உயிர்க்குறி ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு பின்னால் அனாதையாக நிற்கும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இந்திய மொழிகளின் பக்க அமைப்புக்காகத் தயாரித்த ஆவணம், முதலெழுத்தைப் பெரிதாக்கும்போது உயிர்க்குறியோடு சேர்த்து முழு எழுத்தாகவே எடுக்க வேண்டும் என்கிறது. நல்ல மென்பொருள்கள் இன்று அப்படியே செய்கின்றன. ஆனால் கல்யாணப் பத்திரிகையை ‘ஸ்ரீ’ என்று தொடங்கிப் பாருங்கள். யூனிகோடில் அது ஸ், ரீ என்று இரண்டு. பழைய எழுத்துருக்களில் ஸ்ரீக்கு என்று தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள், அதனால் அன்றைக்கு ஸ்ரீ முழுசாக வந்தது, கொ உடைந்தது. இன்றைக்குக் கொ முழுசாக வருகிறது, ஸ்ரீ உடையக்கூடும். பேரன் பேத்திக்குப் பத்திரிகை அடிக்கிறவர்கள் மெய்ப்பில் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்து முழுசாக வந்துவிட்டால் அடுத்த கேள்வி அதை எங்கே உட்கார வைப்பது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம். தலை முதல் வரியின் தலையோடு, கால் மூன்றாவது வரியின் அடியோடு பொருந்தினால் முடிந்தது. தமிழில் ‘கீ’ மேலே சுழிக்கும், ‘பு’ கீழே இறங்கும். ‘இ’, ‘ஓ’ இரண்டும் பல எழுத்துருக்களில் கோட்டுக்குக் கீழே வயிறு தள்ளும். முழு உருவத்தின் உயரத்தை அளந்து மூன்று வரிக்குள் அடக்கினால், ‘கீ’யில் ககரம் சுண்டிப்போகும், ‘க’வில் அது பூதமாக நிற்கும். ஒரே புத்தகத்தில் அத்தியாயத்துக்கு ஓர் அளவு. அளக்க வேண்டியது ககரத்தின் உடம்பை. அதன் தலையும் அடியும் வரிகளோடு பொருந்தட்டும். சுழி மேலே போனால் போகட்டும், வால் நான்காவது வரிக்குள் இறங்கினால் அந்த வரியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

கணக்குப் பிடித்தவர்களுக்கு: எழுத்து 12 பாயிண்ட், வரிக்கு வரி 15 பாயிண்ட். உங்கள் எழுத்துருவில் ககரத்தின் உடம்பு 7 பாயிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிக்கு 15-உம் 15-உம் 7-உம் சேர்த்து 37. ஏழுக்குப் பன்னிரண்டு என்றால் முப்பத்தேழுக்குச் சுமார் 63. அந்த அளவில் ஒரே முறை முடிவு செய்துவிட்டு எல்லா அத்தியாயத்துக்கும் அதையே வைக்க வேண்டும். பாயிண்ட் என்றால் இன்றைய கணினிப் பாயிண்ட், அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. எங்கள் பிரெஞ்சுக்காரர்களின் திதோ பாயிண்ட் இதைவிடக் கொஞ்சம் பெரியது, அதை இங்கே கலந்துவிடக் கூடாது.

அகலமும் ஒரு தொல்லை. ‘கொ’ என்பது ‘ந’வைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம். அச்சில் 63 பாயிண்ட் ‘கொ’ டெம்மி பக்கத்தின் வரியில் பெரும் பகுதியைத் தின்றுவிடும். அங்கே மூன்று வரியை விட்டு இரண்டு வரிக்கு இறங்குவது நல்லது. இதெல்லாம் நான் பிறகு கற்றுக்கொண்டது.

புத்தகம் கட்டிக்கொண்டு வந்த அன்று நான்தான் முதலில் பிரித்தேன். கை நடுங்கியது. ஐயாவிடம் காட்டாமல் இருக்க முடியாது. அவருக்கு ஒரு கண்ணில் புரை. புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பார்த்தார். விரலால் அந்தக் கொம்பைத் தடவினார். “கொல்லைதான் போயிடுச்சு. கொம்பாவது நிக்குதே சார்” என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நான் சொல்லித்தான் ஐயா போட்டான்” என்றேன். “அழகா இருக்கட்டும்னு தானே சொன்னீங்க” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

திரும்ப அச்சடிக்க அவரிடம் பணம் இல்லை. நான் தருகிறேன் என்றதற்கு ஒப்பவில்லை. அப்போதுதான் பாஸ்பார்த்து நினைவுக்கு வந்தது. கடைக்குப் போய்ப் பையனோடு உட்கார்ந்தேன். டிராப் கேப் வசதியைத் தொடவே இல்லை. கணினியில் கிடந்த பூக்கோலங்களில் ஒரு சட்டத்தை எடுத்து, நடுவைக் காலி செய்து, அதற்குள் ‘கொ’ மூன்று துண்டையும் ஒன்றாகத் தேர்ந்து தனியாக ஒரு பெட்டியில் வைத்தோம். சட்டம் கொஞ்சம் அகலச் சதுரம். இரண்டு வரி உயரம். பத்தியின் கடைசி வரியில் பாதி காலியாக இருந்ததால், சட்டம் தள்ளிய சொற்கள் அங்கே போய் உட்கார்ந்துகொண்டன. ஐயாவின் ஒரு சொல்லையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. ‘பை’க்கும் அதே சட்டம். இரண்டு பத்தியையும் அதே தாளில் 300 தடவை வருமாறு அடித்து வெட்டி எடுத்தோம்.

ஒட்டும் வேலை என் வீட்டுத் திண்ணையில். மைதா மாவுப் பசை என் மனைவி காய்ச்சிக் கொடுத்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை. ஐயா துண்டை எடுத்துக் கொடுப்பார், நான் ஒட்டுவேன், மேலே ஒரு மரப்பலகையும் அம்மிக் குழவியும் பாரம். 262 பிரதி ஒட்டினோம். மீதி 38 அதற்கு முன்பே சொந்தக்காரர்களுக்குப் போய்விட்டது. அவரோடு அதே கிராமத்திலிருந்து வந்து, வடலூர் பக்கமும் விருத்தாசலம் பக்கமும் குடியேறியவர்களுக்கு. சிலரிடம் போய்த் துண்டைக் கொடுத்து ஒட்டிக்கொள்ளச் சொன்னார். ஒரு கிழவி மட்டும் “எங்க ஊரு கொல்லையப் பத்தி எழுதியிருக்கு, எனக்கு அது போதும்” என்று ஒட்ட விடவில்லையாம். அவருக்குப் படிக்கத் தெரியாது.

ஐயா போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஜூலை மாதம் நம் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்கு ஒவ்வொரு வருடமும் இரண்டு பேரும் சேர்ந்து போவோம். புதுப் புத்தகத்தை எடுத்ததும் முதல் பக்கத்தைத் திருப்பி, “இவங்க எப்படி வெச்சிருக்காங்க பாருங்க சார்” என்று காட்டுவார். பெரிய எழுத்து எங்கேயாவது சரியாக உட்கார்ந்திருந்தால் அந்தப் புத்தகத்தை வாங்கிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று பிறகுதான் பார்ப்பார். அப்படி வாங்கியதில் ஒன்று உருளைக்கிழங்கு சாகுபடி பற்றியது.

பசையில் மயில்துத்தம் கலந்திருக்க வேண்டும். பைண்டர்கள் எல்லாரும் கலப்பார்கள், பூச்சி அண்டாது. எங்களுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. இருபது வருடத்துக்கு மேல் தாங்கியதே பெரிது. நேற்று கடைத்தெருவில் நூறு கிராம் வாங்கி வந்து வைத்திருக்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை. மைதா வீட்டில் இருக்கிறது.